பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டோம், உள்ளே இருக்கும் உதவிகளைச் சொல்லி அனுப்பினோமா?

உயர்தரப் பெறுபேறுகள் வந்து வெட்டுப்புள்ளிகளும் வெளியானதும் நமது ஊர்களில் ஒரு சந்தோசம் பரவும். பாடசாலை மதிலில் பெனர் தொங்கும். பள்ளிவாசல் நிர்வாகம் பாராட்டு விழா வைக்கும். முகநூல் முழுக்க வாழ்த்துக்கள் நிரம்பும். எல்லாம் நல்லதுதான். இருபது வருடங்களுக்கும் மேலாக நானும் அந்தப் பெனர்களுக்குக் கீழே நின்று படம் எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய பிறகு என்ன ஆனது என்று நாம் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. நான்கு வருடம் கழித்துப் பட்டமளிப்பு விழாப் படம் வந்தால் மீண்டும் ஒரு வாழ்த்துப் போடுவோம். இடைப்பட்ட காலம் நமக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர் என்னிடம் கலைப் பிரிவில் படித்த ஒரு மாணவி. மீன் வியாபாரியின் மகள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். இரண்டாம் வருடப் பரீட்சைக்கு முன்னர் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது டெங்கு பிடித்தது. ஆறு நாட்கள் ஆதார வைத்தியசாலையில் இருந்தாள். இரண்டு வினாத்தாள்கள் தவறின. நானும் பார்க்கப் போனேன். தோடம்பழமும் ஜீவனிப் பக்கற்றும் கொண்டு போய், “சோதினைய அடுத்த முறை எழுதலாம் மகள், முதல்ல உடம்பப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வருடங்கள் கழித்து நற்சான்றுக் கடிதம் கேட்டு வீட்டுக்கு வந்தாள். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பார்த்தேன். ஏனைய பாடங்களின் புள்ளிகளைப் பார்த்தால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருந்ததோ சாதாரண சித்தி. தவறிய இரண்டு பாடங்களையும் அவள் மீளத் தோற்றுபவளாக அடுத்த வருட மாணவர்களோடு எழுதியிருக்கிறாள். நமது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அப்படி எழுதும் ஒருவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது. உரிய காரணம் காட்டாமல் பரீட்சைக்கு வராதவருக்கு வகுப்புச் சித்தியும் கைநழுவிப் போகலாம்.

“உங்களுக்கு டெங்குதானே, வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையைக் கெம்பஸ்ல குடுக்கலயா?” என்று கேட்டேன். ஃபைலைத் திறந்து காட்டினாள். அட்டை அப்படியே இருந்தது. “குடுக்கணும் எண்டு எனக்குத் தெரியாது டீச்சர்” என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்குத் தெரியாது என்பது ஒரு புறம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று “அடுத்த முறை எழுதலாம்” என்று சொன்ன எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. நான் பல்கலைக்கழகம் போனவள் அல்ல. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்றவள். கலாசாலை சிறியது. விடுதியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்கு முன்னரே எல்லோருக்கும் தெரிந்துவிடும். விரிவுரையாளரே கூப்பிட்டு விசாரிப்பார். சுகவீன லீவுக் கடிதத்தை அவரே சொல்லித்தந்து எழுதுவிப்பார். பல்கலைக்கழகமும் இப்படித்தான், இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. ஆயிரக்கணக்கான மாணவர்கள் உள்ள இடத்தில் உதவி ஆளைத் தேடி வராது. அது ஓர் அலுவலகத்தில், ஒரு படிவத்தில், ஒரு திகதிக்குள் இருக்கும். நாம்தான் போக வேண்டும்.

அதன் பின்னர் பதிவுக்குப் போகும் பிள்ளைகள் சிலரோடு நானும் போனேன். விரிவுரையாளர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்டேன். கற்றுக்கொண்டதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி கீழே தருகிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒழுங்குவிதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே பதிவின்போது தரப்படும் மாணவர் கைந்நூலைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் ஒருமுறையாவது முழுமையாக வாசிப்பது முதல் வேலை.

மகாபொலவும் பர்சரியும்

நமது வீடுகளில் முதலில் வரும் கேள்வி பணம்தான். படிப்பு இலவசம். ஆனால் சாப்பாடு, போடிங், போட்டோ கொப்பி, பஸ் எதுவும் இலவசம் இல்லை.

மகாபொல புலமைப்பரிசில் 1981 இல் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 66 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிதியமாக அமைக்கப்பட்டது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாக பர்சரி என்ற நிதியுதவி இருக்கிறது. 4,000 ரூபாவாக இருந்த அது அதே வரவுசெலவுத் திட்டத்தில் 6,500 ரூபாவானது.

மகாபொலவுக்குக் குடும்ப வருமானமும் உயர்தரப் பெறுபேறும் சேர்த்துப் பார்க்கப்படும். பர்சரிக்கு வருமானத்தோடு, படிக்கும் சகோதர சகோதரிகளின் எண்ணிக்கை போன்றவையும் கவனிக்கப்படும். ஆகவே தம்பி, தங்கைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளும் பாடசாலைக் கடிதங்களும் கைவசம் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தர் தந்து, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். நிரந்தரச் சம்பளம் இல்லாத மீனவர், மேசன், சில்லறை வியாபாரி வீடுகளில் இதற்குத்தான் நாட்கள் போகும். விண்ணப்ப இறுதித் திகதிக்கு முதல் நாள் பிரதேச செயலகத்துக்கு ஓடிய தந்தையரை நான் கண்டிருக்கிறேன். உத்தியோகத்தர் லீவு என்றால் கதை முடிந்தது.

இங்கே மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவின் வருமானத்தை மறைக்கக் கூடாது. பொய்த் தகவல் கொடுத்துப் பெறும் பணம் ஹராம் என்பது ஒருபுறம், பின்னர் தெரியவந்தால் பிள்ளையின் பதிவுக்கே பிரச்சினை.

இரண்டாவது, மகாபொல பட்டியலில் பெயர் இல்லையென்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. மேன்முறையீட்டுக்குச் சந்தர்ப்பம் உண்டு. பர்சரிக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். “மகாபொல கிடைக்கல” என்று சொல்லிக்கொண்டு பர்சரிக்கு விண்ணப்பிக்காமலே இருந்த பிள்ளைகள் நமது ஊரிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, முதல் தவணைப் பணம் வர மாதங்கள் ஆகும். பதிவு செய்த மறுமாதமே பணம் வரும் என்று கணக்குப் போட்டால் பிள்ளை அங்கே பட்டினி கிடக்கும். முதல் ஆறு மாதச் செலவை வேறு வழியில் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். விரிவுரைக்குப் போகாமல் வரவு குறைந்தால் தவணைகள் நிறுத்தப்படலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இவை தவிர, பல பீடங்களில் பழைய மாணவர் சங்கங்களும் தனிப்பட்ட கொடையாளர்களும் ஏற்படுத்திய சிறு உதவித்தொகைகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பெரிய விளம்பரம் இருப்பதில்லை. பீட அறிவித்தல் பலகையில் ஒரு தாளாக ஒட்டப்பட்டிருக்கும். கேட்க வேண்டிய இடம் மாணவர் நலன்புரிப் பிரிவு.

விடுதி

விடுதி எல்லா வருடமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பொதுவாக முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமை தருவார்கள். வீட்டின் தூரமும் வருமானமும் பார்க்கப்படும். விடுதிக்கு வேறாக விண்ணப்பம், வேறாக இறுதித் திகதி. வெளியே போடிங்குக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் விடுதிக் கட்டணம் மிகச் சிறியது.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு விடுதிக்கும் பொறுப்பாளரும் உப பொறுப்பாளரும் இருக்கிறார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் விடும் நாளிலேயே அவரைச் சந்தித்து அலுவலகத் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வாருங்கள். பதினைந்து நிமிட வேலை. கேற்றடியில் பெட்டியை இறக்கிவிட்டு, இருட்டுமுன் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

பல பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மஜ்லிஸ் என்ற மாணவர் அமைப்பு இயங்குகிறது. எங்கே சாப்பிடலாம், எங்கே தொழலாம், எந்த ஒழுங்கையில் நல்ல போடிங் இருக்கிறது என்பதையெல்லாம் புதியவர்களுக்கு அவர்கள் சொல்லித்தருவார்கள். பெறுமதியான உதவி. ஆனால் சிரேஷ்ட மாணவர் சொன்னது வேறு, பல்கலைக்கழக ஒழுங்குவிதி வேறு. “மெடிக்கல் குடுத்து வேலையில்ல, றிப்பீட் எழுதினாச் சரி” என்று என் மாணவிக்குச் சொன்னதும் ஒரு சீனியர்தான். திகதியும் விதியும் சம்பந்தப்பட்ட எதையும் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

நோய் வந்தால்: மருந்தும் தாளும்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சுகாதார நிலையம் உண்டு. அங்கு பல்கலைக்கழக வைத்திய அதிகாரி இருப்பார். சாதாரண நோய்களுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தேவைப்பட்டால் அரச வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். காய்ச்சலை மூன்று நாள் அறைக்குள் மறைத்து வைத்திருந்து பனடோல் விழுங்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் விட வேண்டும்.

பரீட்சைக் காலத்தில் நோய் வந்தால் மருந்தோடு தாளும் முக்கியம். பொதுவான நடைமுறை இது: பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்பதை உடனடியாகப் பீடத்தின் உதவிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளையால் முடியாவிட்டால் பெற்றோர் அறிவிக்கலாம். பின்னர் வைத்தியச் சான்றிதழைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அந்த நாட்களின் எண்ணிக்கை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கைந்நூலில் இருக்கும். சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். தனியார் டிஸ்பென்சரியில் வாங்கிய துண்டு மட்டும் பல இடங்களில் போதாது. அரச வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டைக்குத்தான் கனம் அதிகம்.

காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுதும்போது முதற்தடவை எழுதுபவராகவே கணிக்கப்படும். ‘சி’ என்ற எல்லை கிடையாது. வகுப்புச் சித்திக்கான தகுதியும் பாதுகாக்கப்படும். என் மாணவியின் ஃபைலில் இருந்த ஒற்றை அட்டை அவளுக்குச் செய்திருக்கக்கூடியது இதுதான். நோயாலும் தாள் இல்லாமலும் அவள் நட்டப்படவில்லை. தாளைக் கொண்டுபோகும் கவுண்டர் எது என்று தெரியாததால் நட்டப்பட்டாள்.

குடும்பத்தில் மௌத் நேர்ந்தாலும் இவ்வாறே உடனே அறிவித்து, மரணச் சான்றிதழின் பிரதியை ஒப்படைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வராது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டில் இன்னொருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

மனம் களைத்தால்

இந்தப் பகுதியை எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன். நமது சமூகத்தில் ‘கவுன்சிலிங்’ என்றாலே “புள்ளைக்கு விசரா?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாடசாலையில் முதல் பிள்ளையாக இருந்தவர் அங்கே நூறு முதல் பிள்ளைகளில் ஒருவர். தமிழில் படித்தவருக்கு விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டுச் சோறு இல்லை, உம்மா இல்லை. முதல் பரீட்சையில் புள்ளி குறைந்ததும் சிலர் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள். தூக்கம் போகும், சாப்பாடு குறையும், விரிவுரைக்குப் போவது நிற்கும். வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசியில் மட்டும் “நல்லா இருக்கன் உம்மா” என்பார்கள்.

இதற்காகவே ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் விரிவுரையாளர்கள். பாடச் சுமை, பணக் கஷ்டம், விடுதிப் பிரச்சினை, சக மாணவரோடு தகராறு என எதையும் இவர்களிடம் பேசலாம். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று வழிகாட்டுவார்கள். தேவைப்பட்டால் உளவளத்துறையில் பயிற்சி பெற்றவரிடமோ வைத்தியரிடமோ அனுப்புவார்கள். அறிமுக வாரத்தில் இவர்களின் பெயர்கள் அறிவிக்கப்படும். அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ் பேசும் ஆலோசகர் யார் என்பதையும் கேட்டு வையுங்கள். துக்கத்தை இரண்டாம் மொழியில் சொல்ல எல்லோராலும் முடியாது.

வளாகத்துக்குள் யாரிடமும் பேச விருப்பம் இல்லையென்றால் வெளியேயும் வழி உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. 1333 என்ற இலக்கத்துக்கும் இலவசமாக அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு பிள்ளைக்கு வந்தாலோ, நண்பரொருவர் அப்படிப் பேசினாலோ, “சும்மா சொல்றார்” என்று விட்டுவிடாமல் அன்றே யாரிடமாவது சொல்ல வேண்டும். இரகசியம் காப்பதற்குரிய நேரம் அதுவல்ல.

பகிடிவதை: ‘எல்லோருக்கும் நடப்பது’ அல்ல

1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பின்னர் உயிரிழந்தார். அடுத்த வருடம் பாராளுமன்றம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் சட்டம் இது. இதன்படி பகிடிவதை செய்பவருக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். பாலியல் தொல்லையோ கடும் காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை செல்லும். வளாகத்துக்கு வெளியே, போடிங்கில் நடந்தாலும் குற்றம் குற்றமே.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பிள்ளைகள் இதை அனுபவிக்கிறார்கள். முறையிட்டால் சீனியர்கள் ஒதுக்கிவைப்பார்கள், குறிப்பு தரமாட்டார்கள் என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயத்தை நாமும் வளர்க்கிறோம். “எல்லாருக்கும் நடக்குறதுதானே, கொஞ்ச நாள் பொறுங்க மகன்” என்று சொல்லும் வாப்பாக்களை எனக்குத் தெரியும்.

முறையிடும் இடங்கள் இவை: மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், ஒழுக்காற்று அதிகாரி, பீடாதிபதி. அங்கு சொல்லப் பயமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் முறையிடும் வசதி உண்டு. பொலிஸிலும் முறையிடலாம். திகதி, நேரம், இடம், கண்டவர்கள் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைப்பதும், வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும் பின்னர் உதவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வருடத்தில் பகிடிவதை செய்பவரும் யாரோ ஒருவருடைய பிள்ளைதான். சில வேளைகளில் நமது பிள்ளைதான். அனுப்பும்போது அதையும் சொல்லி அனுப்புங்கள்.

ஆங்கிலம், நூலகம், தொழில்

நமது மாணவர்கள் பின்தங்கும் முதல் இடம் ஆங்கிலம். பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே தனியான பிரிவு இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு தகுதிகாண் பரீட்சை வைத்து, மட்டத்துக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். இதே வகுப்பை வெளியே காசு கொடுத்துப் படிப்பவர்கள் எத்தனை பேர்! ஆனால் ‘புள்ளியில் சேராத பாடம்தானே’ என்று முதலில் கட் பண்ணப்படுவதும் இந்த வகுப்புத்தான். முதல் வருட ஆங்கில வகுப்பை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றாம் வருடத்தில் பாருங்கள்.

நூலகம் பரீட்சைக் காலத்தில் இருந்து படிக்கும் மண்டபம் மட்டுமல்ல. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி சேரும் நூலகங்களில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. மற்றைய பல்கலைக்கழகங்களிலும் பிள்ளையால் விலை கொடுத்து வாங்க முடியாத நூல்களும், பணம் கட்டி வாசிக்க வேண்டிய ஆய்விதழ்களும் மாணவர் கணக்கின் மூலம் கிடைக்கும். கவுண்டரில் இருக்கும் உதவி நூலகரிடம் “இந்தத் தலைப்பில் எங்கே தேடலாம்?” என்று கேட்டால் சொல்லித்தருவது அவர்களுடைய கடமை. ‘எடுரோம்’ எனும் வை-ஃபை வசதி உள்ள இடங்களில் ஒரு பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே இன்னொரு பல்கலைக்கழகத்திலும் இணையத்தில் இணையலாம்.

தொழில் வழிகாட்டல் பிரிவை இறுதி வருடத்தில்தான் பலர் தேடுகிறார்கள். சுயவிபரக் கோவை எழுதுவது, நேர்முகப் பரீட்சைக்குத் தயாராவது, பயிற்சி இடங்கள் தேடுவது எல்லாவற்றுக்கும் அங்கே இலவசப் பயிற்சிகள் நடக்கும். அரச நியமனத்தை மட்டும் நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கும் நமது கலைப் பட்டதாரிகள் இந்தக் கதவை இரண்டாம் வருடத்திலேயே தட்டியிருக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு அல்லது வேறு விசேட தேவை உள்ள பிள்ளைகளுக்கு அனுமதியிலேயே விசேட ஏற்பாடு இருக்கிறது. ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் அதற்கான பகுதியைப் பாருங்கள். சேர்ந்த பின்னர் பரீட்சையில் மேலதிக நேரம், எழுதுவதற்கு ஒருவர் போன்ற வசதிகளுக்கு முன்கூட்டியே பீடத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது.

கேட்பதில் என்ன வெட்கம்?

இத்தனை வசதிகள் இருந்தும் ஏன் போவதில்லை என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அதிகம் வந்த பதில் “வெட்கமா இருக்கு டீச்சர்” என்பதுதான். நாம் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். வாய் திறந்து கேட்காத பிள்ளையை அடக்கமான பிள்ளை என்கிறோம். வகுப்பில் விளங்கவில்லை என்று கை உயர்த்தாதவரை ‘சத்தமில்லாத நல்ல பிள்ளை’ என்று பெற்றோர் கூட்டத்தில் நானே பாராட்டியிருக்கிறேன். அந்த நல்ல பிள்ளைதான் கெம்பஸ் அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் நின்று, கிளார்க் தலை நிமிராததால் திரும்பி வந்துவிடுகிறது.

மகாபொல பிச்சை அல்ல. சுகாதார நிலையம் யாருடைய தயவும் அல்ல. 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். அதன் செலவை உப்பு வாங்குபவரும் பஸ்ஸில் போகிறவரும் வரியாகக் கட்டுகிறார்கள். மீன் விற்கும் அந்த வாப்பாவும் கட்டுகிறார். அவருடைய மகள் கேட்பது அவளுக்கென்று ஒதுக்கப்பட்டதை.

அதே 1945 இல் நமது சமூகத்திலும் ஒரு காரியம் நடந்தது. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். வசதியில்லாத மாணவர் உயர்கல்வி கற்க, கல்முனையில் அரச அதிகாரியாக இருந்த காலத்திலேயே அவர் அதற்கு அடித்தளம் போட்டார். படிக்க வசதியில்லை என்பதை ஒரு வீட்டின் இரகசியமாக விடாமல் ஊரின் வேலையாக மாற்றினார். இன்று நமது ஊர்களில் ஸகாத் நிதி சேர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன. தையல் இயந்திரமும் வீடும் கொடுப்பதோடு, மகாபொல வரும்வரை முதல் ஆறு மாதத்துக்கு ஒரு மாணவரைத் தாங்குவதையும் பட்டியலில் சேர்க்கலாம். பாராட்டு விழாவின் நினைவுச் சின்னத்துக்குச் செலவாகும் காசு ஒரு பிள்ளையின் இரண்டு மாதச் சாப்பாடு.

பணம் இல்லாமலும் செய்யக்கூடியது உண்டு. எங்கள் பாடசாலையில் கடந்த சில வருடங்களாகப் பாராட்டு விழாவுக்கு அடுத்த வாரம் ஒரு பின்னேரம் ஒதுக்குகிறோம். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளும் அவர்களுடைய உம்மா வாப்பாமாரும் வருவார்கள். ஏற்கனவே படிக்கும் பழைய மாணவர்கள் வந்து பேசுவார்கள். போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதன் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருப்போம். பிள்ளை பதிவு செய்த முதல் வாரத்தில் நிரப்ப வேண்டியது:

பீட உதவிப் பதிவாளர் அலுவலக இலக்கம்.
மாணவர் ஆலோசகரின் பெயர்.
விடுதிப் பொறுப்பாளரின் இலக்கம்.
சுகாதார நிலையத்தின் இலக்கமும் திறந்திருக்கும் நேரமும்.
வைத்தியச் சான்றிதழ் ஒப்படைக்க வேண்டிய நாட்களின் எண்ணிக்கை.
மகாபொல, பர்சரி, விடுதி விண்ணப்ப இறுதித் திகதிகள்.
1926.

நிரப்பியதும் படம் பிடித்து வீட்டு வட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

டெங்கு வந்த அந்த மாணவி இப்போது ஒரு தனியார் பாடசாலையில் படிப்பிக்கிறாள். முதல் வருடப் பின்னேரத்துக்கு அவளையும் கூப்பிட்டேன். வருவாளோ என்று சந்தேகமாக இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல எல்லோரும் வருவார்கள், தன் நட்டத்தைச் சொல்ல யார் வருவார்? அவள் வந்தாள். பெரிதாக எதுவும் பேசவில்லை. பழைய ஃபைலைத் திறந்து, மடித்து நைந்துபோன அந்த நோய் நிர்ணய அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

“இது என்ட ஃபைல்லயே இருந்திச்சு. நீங்க இத உங்கட ஃபைல்ல வெச்சிருக்காதீங்க” என்றாள்.

பின்வரிசையில் இருந்த ஓர் உம்மா, எந்த ஒஃபிஸில் கொடுக்க வேண்டும் என்று எழுந்து கேட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. பக்கத்தில் இருந்த மகளைத் தட்டி, “எழுதுங்க, எழுதுங்க” என்றார்.